வாசகர் கேள்வி – பதில்: மொட்டை மாடியில் நிழல் காணாமல் போகும் நேரம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மதுரை, தேனி, மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவை. அதிலும் பாதி, டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதியவை. "ஒரே வரியில் பதில் போதும்" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் கண்டிப்பாகத் தருகிறேன். ஆனால் அந்த வரி எப்படி வந்தது என்று தெரிந்தால் பரீட்சை முடிந்த பிறகும் மறக்காது, அதனால் சில இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே எழுதிவிட்டேன்.

வைகை கடலில் கலக்கிறதா, இல்லையா? ஒரு கைடில் வங்கக் கடல் என்று இருக்கிறது, இன்னொன்றில் கலப்பதில்லை என்று இருக்கிறது. எதை எழுதுவது? (ஒரு மாணவி, உசிலம்பட்டி)

பரீட்சையில் ஒரு வரி எழுத வேண்டுமென்றால், வருசநாட்டு மலையில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடி ராமநாதபுரம் மாவட்டம் ஆற்றங்கரை அருகே கடலில் சேர்கிறது என்று எழுதுங்கள். ஆனால் இரண்டாவது கைடு சொல்வதும் சும்மா இல்லை. வைகையில் வருகிற தண்ணீர் வழிநெடுகக் கண்மாய் கண்மாயாகப் பிரிந்துபோய், மிச்சம் இருப்பது ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது. அதுவும் நிரம்பி வழிந்தால்தான் கடலுக்குப் போகும். பல வருஷம் அப்படி வழிவதே இல்லை. கடலுக்கு விடாமல் கடைசிச் சொட்டையும் வயலுக்குத் திருப்பிய ஊர்க்காரர்களின் வேலை இது. இதை ஆற்றின் குறையாக யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். பரிபாடல் மொத்தம் 70 பாட்டு, அதில் 26 வையையைப் பற்றியவை என்று ஒரு பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. முழுதாக நமக்குக் கிடைத்தது 22 தான், அதில் 8 வையைக்கு. புதுவெள்ளம் வந்ததும் ஊரே எண்ணெயும் சாந்தும் மலருமாகக் கிளம்பி ஆற்றில் இறங்குகிற காட்சியெல்லாம் அந்த எட்டுப் பாட்டில் இருக்கிறது. ஏ.வி. பாலத்தில் நின்று மணலையும் ஆகாயத்தாமரையையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அதை ஒரு தடவையாவது படிக்க வேண்டும்.

பெரியாறு மேற்கே, கேரளப் பக்கம் ஓடுகிற ஆறு. அந்தத் தண்ணீர் மலையைத் தாண்டி எங்கள் வயலுக்கு எப்படி வருகிறது? மோட்டார் வைத்து ஏற்றுகிறார்களா? (விவசாயி ஒருவர், மேலூர்)

மோட்டார் எதுவும் இல்லை ஐயா. அணையில் தேங்குகிற தண்ணீரின் மட்டம் கம்பம் பள்ளத்தாக்கை விட வெகு உயரத்தில் இருக்கிறது. நடுவில் நிற்பது ஒரு மலை முதுகு மட்டும்தான். அதைக் குடைந்து சுரங்கம் போட்டுவிட்டால் தண்ணீர் தானே கிழக்கே இறங்கிவிடும். அதைத்தான் செய்தார்கள்.

மேற்கே அடிக்கிற தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு இந்தப் பக்கம் வெறும் காற்றாகத்தான் வரும், தேனிப் பக்கம் ஆடியில் அடிக்கிற காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீரை இங்கே திருப்பினால் என்ன என்ற யோசனை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்தது. அதைச் செய்து முடித்தவர் ஜான் பென்னிகுயிக். 1887இல் வேலை தொடங்கியது. காட்டுக்குள், மலேரியாக் காய்ச்சலோடு, வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போகப் போகத் திரும்பக் கட்டி 1895இல் அணை திறந்தார்கள். சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும், சுட்ட செங்கலை இடித்த சுர்க்கிப் பொடியும் சேர்த்த சாந்துதான்.

சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்து வைகையில் சேர்ந்து, 1959இல் திறந்த வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியாக உங்கள் மடைக்கு வருகிறது. ஆக, நீங்கள் மண்வெட்டியால் வெட்டி விடுகிற தண்ணீர் அரபிக் கடலுக்குப் போக வேண்டியது. தேனி மாவட்டத்து விவசாயிகள் ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்த நாளில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். அது தைப்பொங்கலையொட்டியே வருவதும் பொருத்தம்தான்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளுக்கு விரிவு என்ன? (திருமங்கலம்)

மதுரை சண்முகவடிவு. ஊர்ப் பெயரும் அம்மா பெயரும். சண்முகவடிவு வீணை வாசித்தவர். எம்.எஸ். பிறந்தது 1916 செப்டம்பர் 16. 1966இல் ஐ.நா. சபையில் பாடினார், 1998இல் பாரத ரத்னா, இசைக்காக அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் அம்மா பெயரைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மாங்குளம் கல்வெட்டு என்று எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. அதில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? (ஒரு ஆசிரியை, ஒத்தக்கடை)

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே இந்த வாரப் பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கலாம்.

மாங்குளம் பக்கம் மீனாட்சிபுரத்தில் ஓவாமலை என்று ஒரு மலை. மேலே ஏறினால் இயற்கையான பாறைக் குகைகள், உள்ளே தரையில் வழுவழுவென்று செதுக்கிய கற்படுக்கைகள், தலை வைக்கிற பக்கம் மட்டும் தலையணை மாதிரி கொஞ்சம் தூக்கி விட்டிருப்பார்கள். சமணத் துறவிகள் தங்கிய இடம். குகைக்கு மேலே பாறை நெற்றியில் மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க ஒரு வெட்டு வெட்டியிருக்கும், கூரை ஓரத்தில் தகரம் அடிப்பது போல. அதை ஒட்டித்தான் எழுத்து.

அதில் ஒன்று சொல்வது இதுதான்: கணி நந்தன் என்கிற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணவன், அதாவது அவனிடம் வேலை பார்த்த அதிகாரி, கடலன் வழுதி என்பவன் இந்தப் பள்ளியைக் கொத்துவித்தான். அவ்வளவுதான். நெடுஞ்செழியன் என்பது சங்கப் பாட்டில் வருகிற பாண்டியர்களின் பெயர். பாட்டில் மட்டும் இருந்த பெயர் கல்லிலும் இருக்கிறது என்பதுதான் விஷயம். காலம் கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் முன்னால். இன்னொரு கல்வெட்டில் வெள்ளறை நிகமத்தார் வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. அரசனின் ஆளும் கொடுத்திருக்கிறான், கடைக்காரர்களும் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள்.

இதை 1882இல் ராபர்ட் சிவெல் கண்டுபிடித்தார். எழுத்து பிராமி என்று தெரிந்தது, ஆனால் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஏன் என்றால், வடக்கே அசோகன் கல்வெட்டில் 'க' என்று போட்டால் அதற்குள் 'அ' இருக்கிறது. மாங்குளத்தில் அதே எழுத்து வெறும் 'க்'. 'அ' வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. வடக்கு முறையில் அந்தக் கோடு நெடில், அதனால் படித்தவர்களுக்கு எல்லாம் 'ஆ' 'ஆ' என்று நீண்டு ஏதோ பிராகிருதம் போலத் தெரிந்தது. புள்ளி வைக்கிற வழக்கம் இன்னும் வராத காலம். இது தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். நெடுஞ்செழியன் பெயரைப் பிடித்தவர் ஐராவதம் மகாதேவன், 1965 வாக்கில். கல்வெட்டு கண்ணுக்கு முன்னால் கிடந்தும் அதைச் சரியாகப் படிக்க 80 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது பாருங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காலையில் சீக்கிரம் போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டு ஆழம் தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்க யாரையும் விடாதீர்கள், பெயர் எழுதுகிறவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். இரண்டாயிரம் வருஷம் மழை அழிக்காததை நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அழித்துவிடக் கூடாது.

பாதாம் பிசின் இரண்டு துண்டு ஊற வைத்தால் காலையில் கிண்ணம் நிறைய ஆகிவிடுகிறது. எப்படி? (ஏழாம் வகுப்பு மாணவன், அவனியாபுரம்)

நல்ல கேள்வி தம்பி. பிசின் என்பது மரத்தின் காயத்திலிருந்து கசிந்து இறுகுவது. அதற்குள் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்து, பின்னிக் கிடக்கும். தண்ணீர் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கிவிடும். ஆனால் பின்னல் அவிழாது, அதனால் சர்க்கரை மாதிரி கரைந்து போகாமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வலை உப்பிவிடுகிறது. ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறதே, அது பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். அந்தப் பெயரையும் தெரிந்துகொள்: ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு என்றும் சொல்வார்கள். தண்டா என்றால் குளிர்ச்சி.

மல்லிகை ஏன் சாயங்காலம் விரிகிறது? விடியற்காலையில் பறிப்பதும் ஏன்? (பூ கட்டும் அக்கா ஒருவர், வலையங்குளம்)

அக்கா, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை, நீங்கள் கையால் அறிந்ததற்குக் காரணம் மட்டும் சொல்கிறேன். வெள்ளைப் பூ, ராத்திரி வாசனை, இரண்டும் சேர்ந்திருந்தால் அந்தச் செடி அந்துப்பூச்சியைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம். இருட்டில் நிறம் பயன்படாது, வெள்ளை மட்டும் கொஞ்சம் தெரியும், மீதி வேலையை வாசனை செய்ய வேண்டும். அதனால் வாசனை விரியும் நேரத்தில்தான் கிளம்புகிறது, மொட்டில் அவ்வளவாக இருக்காது. விடியலில் முற்றிய மொட்டாகப் பறித்தால் மாட்டுத்தாவணிக்கு வந்து, கை மாறி, கட்டி, தலையில் ஏறி, சாயங்காலம் தலையிலேயே விரியும். ஒரு நாள் விட்டுவிட்டால் அது செடியிலேயே விரிந்து முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை, நம் மல்லிகை அந்தப் பூச்சிக்காக இத்தனை செய்தும் விதையை நம்பி வளர்வதில்லை. குச்சி வெட்டிப் பதியன் போட்டுத்தான் வளர்க்கிறோம். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்ட நாற்றுகள்தான் இந்தப் பக்கத்துத் தோட்டம் பலவற்றுக்கும் போகின்றன. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013. பனி நாளில் பூ குறைந்துபோவதும், அதே நேரம் தை முகூர்த்தம் வருவதும் சேர்ந்துதான் கிலோ விலையை அப்படித் தூக்கிவிடுகிறது.

டங்ஸ்டனுக்குக் குறியீடு ஏன் 'டபிள்யூ'? (ஒரு மாணவர், அ. வல்லாளப்பட்டி)

அதன் இன்னொரு பெயர் வுல்ஃப்ரம், அதன் முதலெழுத்து. டங்ஸ்டன் என்பது சுவீடன் மொழியில் 'கனமான கல்'. நிஜமாகவே கனம்தான், தங்கமும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி, கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அதனால் உள்ளே டங்ஸ்டன் வைத்து மேலே தங்கம் பூசி ஏமாற்றினால் எடை காட்டிக் கொடுக்காது. உருகுவதற்கு 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும், உலோகங்களில் இதுதான் அதிகம், பழைய குண்டு பல்பின் இழை அதனால்தான் இதில் செய்தார்கள்.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று தெரியும். 2024 நவம்பரில் அந்தப் பகுதிச் சுரங்க ஏலம் அறிவிப்பு வந்து, மேலூர்ப் பக்கத்து ஊர்கள் எல்லாம் ஒன்றாக நின்று, 2025 ஜனவரியில் அது ரத்தானது. பக்கத்திலிருக்கிற அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். குடைவரைக் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாறையில் கூடு கட்டுகிற வல்லூறு, எல்லாம் ஒரே மலையில். உலோகத்தின் குறியீட்டோடு இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காந்தி மதுரையில் எந்த இடத்தில் அரையாடைக்கு மாறினார்? (செல்லூர்)

மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில், 1921 செப்டம்பர் 22. கதர் வாங்கக் காசில்லையே என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று காலை வேட்டியை முழங்காலளவுக்குக் குறைத்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அந்த உடையில் முதலில் மக்கள் முன் நின்ற இடம் காமராசர் சாலையில் இன்றும் காந்தி பொட்டல் என்றே அழைக்கப்படுகிறது. தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் திறந்த காந்தி மியூசியத்தில், அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. மேலமாசி வீதியிலிருந்து அங்கே டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அந்த உடையின் தொடக்கமும் முடிவும் ஒரே ஊரில் இருக்கிறது.

கொடைக்கானலில் சூரியனைப் பார்க்க ஒரு ஆய்வகம் இருக்கிறதாமே, அங்கே என்ன கண்டுபிடித்தார்கள்? (வத்தலக்குண்டு)

1899இல் அமைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளிகளை நிறமாலைக் கருவியில் பார்த்தபோது, புள்ளியின் ஓரத்தில் நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒரு மாதிரியும் விலகிப் போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா, ஒளிக்கும் அதே கதைதான். அதை வைத்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று சொன்னார். உலகம் முழுக்க இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 1904 முதல் நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை கொடைக்கானல் போனால் ஏரியில் படகு விட்டதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

சித்திரை மாதம் ஒரு நாள் மத்தியானம் என் நிழலே காலடியில் இல்லை. கண் மயக்கமா? (ஒரு அம்மா, அனுப்பானடி)

மயக்கம் இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.92 டிகிரியில் இருக்கிறது. சூரியன் பங்குனியில் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே நகர ஆரம்பித்து, ஏப்ரல் 15 வாக்கில் நமக்கு நேர் உச்சியில் வருகிறது. சித்திரை பிறந்த மறுநாள் என்றே வைத்துக்கொள்ளலாம். கன்னியாகுமரிக்கு அது ஏப்ரல் 10 வாக்கில், சென்னைக்கு 24 வாக்கில். டெல்லிக்காரர்களுக்கு இந்த நாள் வாழ்நாளில் வராது, கடக ரேகைக்கு மேலே இருக்கிறார்கள். அதன் பிறகு ஆகஸ்ட் 27 வரை மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அந்த நாலு மாதமும் உங்கள் வீட்டு வடக்குச் சன்னலில் வெயில் எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மணி 12 அடிக்கும்போது பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இந்திய நேரம் மிர்சாபூர் வழியாகப் போகிற 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, மதுரை 78.1இல். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் என்று கணக்குப் போட்டால் நம் உச்சிப்பொழுது 12 மணி 17 நிமிஷம் தாண்டித்தான் வரும்.

இதை வைத்து இன்னொன்றும் செய்யலாம், பேரன் பேத்தி சென்னையில் இருந்தால். ஏப்ரல் 15 அன்று அவர்களை ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அங்கே உச்சியாகிற நேரத்தில், 12 மணி 9 நிமிஷத்தில், நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கும், வடக்கே விழும். நம் ஊரில் அன்று உச்சியில் நிழல் ஏறக்குறைய பூஜ்யம். அந்த ஐந்தரை சென்டிமீட்டருக்கான கோணம் 3.16 டிகிரி. மதுரைக்கும் சென்னைக்கும் நேர் தெற்கு வடக்காக உள்ள இடைவெளி, பஸ் போகிற தூரம் இல்லை, சுமார் 350 கிலோமீட்டர். 3.16 டிகிரிக்கு 350 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே அதுதான். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துச் செய்ததும் இதே கணக்குதான், கிறிஸ்துவுக்கு இருநூற்று சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால்.

குச்சி நட முடியாவிட்டால் ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும், வாய் விரிந்தது வேண்டாம், நேராக நிற்கிற காபி டம்ளர். அதைக் கவிழ்த்து மொட்டை மாடியில் சமதளமான இடத்தில் வையுங்கள். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள், தரை சுடும். சூரியனை அண்ணாந்து பார்க்கவே வேண்டாம், பார்க்க வேண்டியதெல்லாம் தரையில்தான். 12 மணிக்கு டம்ளருக்கு மேற்குப் பக்கம் ஒரு விரற்கடைக்கும் குறைவாக நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நகம் அளவாகி, நூல் அளவாகி, 12.17 வாக்கில் டம்ளரைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒன்றும் இருக்காது, தரையும் டம்ளரும் மட்டும். அப்படியே இரண்டு மூன்று நிமிஷம் நில்லுங்கள். கிழக்குப் பக்கம், தெப்பக்குளம் இருக்கிற திசையில், மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு வெளியே வரும்.